மார்னியின் நூறு மணி நேரம்

மார்னி கோஸ்லோவ்ஸ்கிக்கு அந்த முதியோர் இல்லத்தில் ஒரு பேர் இருந்தது. அவளைப்போல வேகமாக வேலை முடிக்கிற ஆள் அங்கே கிடையாது. காலை ஆறரைக்கு வேலை தொடங்கினால், எட்டு மணிக்குள் ஒன்பது பேரை எழுப்பி, முகம் துடைத்து, துணி மாற்றி, சக்கர நாற்காலியில் உட்காரவைத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடுவாள். மற்றவர்கள் ஆறு பேரைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்குவார்கள். புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும், "முதல்ல மார்னி பின்னாடி ரெண்டு நாள் நடங்க, அவ கையைப் பாருங்க" என்று மேற்பார்வையாளர் சொல்லி அனுப்புவார்.

பன்னிரண்டு வருடம் அப்படியே ஓடியது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் வடக்கில் எல்ம் ரிவர் என்ற சின்ன ஊர் அது. ஒரு காகித ஆலை, ஒரு பால்பண்ணைக் கூட்டுறவு, இரண்டு தேவாலயம், அவளுடைய அக்கா ஜோலீன் நடத்துகிற மதுக்கடை. மார்னிக்கு ஒரு கல்யாணம் நடந்து முறிந்திருந்தது. பிள்ளை கிடையாது. அக்கா கடைக்கு மேலே இருந்த இரண்டு அறையில் குடியிருந்தாள்.

இல்லத்துக்கு வாரம் இரண்டு நாள் வெளியிலிருந்து ஒரு பிசியோதெரபிக்காரர் வருவார். ஒருநாள் மார்னி போர்வை மாற்றிக்கொண்டிருந்தபோது, அவர் ஃபென்ஸ்கி என்கிற கிழவரை எழுப்பி நிறுத்தியதைப் பார்த்தாள். ஃபென்ஸ்கியின் அட்டையில் "நடக்க இயலாதவர்" என்று எழுதியிருந்தது. அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு என்று இரண்டு வருடமாகத் தூக்கியவள் அவள்தான். அந்த மனிதர் சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏழு அடி எடுத்து வைத்து ஜன்னல்வரை போனார். போய், வெளியே நிறுத்தியிருந்த கார்களைப் பார்த்துவிட்டு, "என் வண்டிய வித்துட்டாங்களா?" என்று கேட்டார்.

மார்னி கையில் போர்வையோடு அப்படியே நின்றாள். அன்றைக்கு மதியம் அந்தப் பிசியோதெரபிக்காரரிடம் இதற்கு என்ன படிக்க வேண்டும் என்று கேட்டாள். முதலில் நாலு வருடம் ஒரு பட்டம், அதற்குப்பிறகு மூன்று வருடம் மேற்படிப்பு என்று அவர் சொன்னார். அந்த முதல் பட்டம் வாங்கினால் மட்டும் வேலை கிடைத்துவிடாது, மேற்படிப்புக்கு மனுப் போடத்தான் அது உதவும் என்றும் சொன்னார்.

அக்காவிடம் சொன்னபோது ஜோலீன் கோப்பை துடைப்பதை நிறுத்தவில்லை.

"எலும்ப எண்ணிப் பாக்க ஏழு வருஷமா? எங்கிட்ட குடு, ஒரு சாயங்காலத்துல எண்ணித் தரேன்" என்றாள்.

ஆனால் விண்ணப்பத்தைத் தபாலில் போட்டது ஜோலீன்தான். மார்னி இரண்டு வாரமாக அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு சுற்றினாள். அக்கா அதை எடுத்துத் தபால்தலை ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து, "உன் பை ரொம்ப கனமா இருந்துச்சு" என்றாள்.

முப்பத்துமூன்று வயதில் மார்னி கல்லூரிக்குப் போனாள். ஊரிலிருந்து முப்பத்தைந்து மைல் தூரத்தில் மாநிலப் பல்கலைக்கழகம். திங்கள் முதல் வியாழன்வரை வகுப்பு. வெள்ளிக்கிழமை அக்கா கடையில் மீன் வறுக்கிற வேலை. சனி ஞாயிறு முதியோர் இல்லத்தில் வேலை. இந்தக் கணக்கில் நாலு வருடப் படிப்பு அவளுக்கு ஐந்து வருடம் ஆகும் என்று கல்லூரி ஆலோசகர் சொன்னார். உடற்கூறு, உடலியங்கியல், வேதியியல் இரண்டு, இயற்பியல் இரண்டு, புள்ளியியல், உளவியல் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். கடைசி வரியில், ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் நூறு மணி நேரம் உட்கார்ந்து பார்த்ததற்குக் கையெழுத்து வேண்டும் என்று இருந்தது. மார்னிக்கு அந்த வரியைப் பார்த்ததும் நிம்மதியாக இருந்தது. வேதியியல்தான் பயமாக இருந்தது, பார்ப்பதில் என்ன கஷ்டம் என்று நினைத்தாள்.

வேதியியல் முதல் தேர்வில் நூற்றுக்கு நாற்பத்தொன்று வாங்கினாள். பக்கத்து நாற்காலியில் டேவின் என்ற பத்தொன்பது வயதுப் பையன். பள்ளிக்கூட ஓட்டப்பந்தய அணியில் இருந்தவன், தொடைத் தசை கிழிந்து ஒரு வருடம் சும்மா இருந்ததில் அவனுக்குப் பிசியோதெரபி ஆசை வந்தது. அவளை முதல் வாரம் "மேடம்" என்றே கூப்பிட்டான். அவள் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, தன் தாளை நகர்த்தி வைத்தான். தொண்ணூற்றுநாலு.

"நான் சொல்லித் தரேன். ஆனா அடுத்த வருஷம் உடற்கூறு லேப்ல நீங்க எம்பக்கத்துலயே நிக்கணும்" என்றான்.

"ஏன்?"

"ரத்தம் பாத்தா எனக்கு மயக்கம் வரும்."

"அங்க ரத்தமே இருக்காதுப்பா."

"அத நெனச்சாலும் வருது."

ஒப்பந்தம் அப்படித்தான் ஆனது. அவன் செவ்வாய்க்கிழமைகளில் நூலகத்தில் உட்கார்ந்து சமன்பாடுகளைச் சொல்லிக் கொடுத்தான். அவள் ஒரு வழியாகத் தேறினாள், சுமாரான மதிப்பெண்தான். மறுவருடம் லேபில், பாடம் படிப்பதற்கென்று தானமாகக் கொடுக்கப்பட்ட ஒரு கிழவியின் உடலை முதன்முதலில் திறந்து காட்டியபோது, டேவின் வெளுத்துப்போனான். மார்னி அவன் முழங்கையைப் பிடித்துச் சுவர்ப்பக்கம் சாய்த்துவிட்டு, மேசைக்கு வந்து, போர்வை விலகியிருந்த பாதங்களை இழுத்து மூடினாள். பழக்கத்தில் வந்த கை அது. மூடும்போது இடது குதிகாலின் ஓரத்தில் படுக்கைப்புண் தழும்பைப் பார்த்தாள்.

"இவங்க கடைசியில ரொம்ப நாள் படுத்தே இருந்திருக்காங்க. இடதுபக்கமாவே படுக்க வச்சிருக்காங்க, திருப்பிப் போடல" என்றாள்.

பேராசிரியர் வந்து குனிந்து பார்த்தார். ஆமாம் என்றார். அதற்குப்பிறகு யாரும் அவளை மேடம் என்று கூப்பிடவில்லை, பேர் சொல்லியே கூப்பிட்டார்கள். உடம்பைப் பற்றிய எந்த வகுப்பிலும் அவளுக்கு முதல் வரிசை என்று ஆகிவிட்டது. இயற்பியலில்கூட நெம்புகோல் பாடம் வந்தபோது, பாரத்தை ஏன் உடம்போடு ஒட்டிப் பிடிக்க வேண்டும் என்று பேராசிரியர் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் அவள் பதிலைச் சொன்னாள். காரணத்தை அப்புறம்தான் புத்தகத்தில் படித்தாள்.

மூன்றாம் வருடம் இலையுதிர்காலத்தில் ஒரு கிளினிக்கில் அந்த நூறு மணி நேரத்தைத் தொடங்கினாள். அந்தக் கிளினிக்கை நடத்தியவள் ஆனிகா ப்ரெண்டல். வயது இருபத்தெட்டு. மார்னியைவிட எட்டு வயது சின்னவள். முதல் நாளே ஒரு தாளில் கையெழுத்து வாங்கினாள். பார்வையாளர் எந்த நோயாளியையும் தொடக்கூடாது, பேச்சுக்கூட நோயாளி தானாகத் தொடங்கினால்தான். மார்னி படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள். மூலையில் ஒரு நாற்காலி, மடியில் ஒரு நோட்டு. வியாழன்தோறும் மூன்று மணி நேரம்.

அங்கே வருகிறவர்களில் கோர்டி மாஸ் என்று ஒரு லைன்மேன். முப்பத்திரண்டு வயது. புயலுக்கு மறுநாள் மின்கம்பத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பும் தொடையும் உடைந்தவர். ஒன்பது வாரமாகச் சக்கர நாற்காலியில். ஆள் அதிகம் பேசமாட்டார். பிடித்து நடக்கப் பழகும் இரட்டைக் கம்பிகளுக்கு நடுவே நாற்காலியை நிறுத்தி, ஆனிகா அவர் இடுப்பில் பட்டை கட்டி, கைத்தாங்கலாக எழுப்பி, நிற்கவைத்து, உட்காரவைப்பாள். திரும்பத் திரும்ப அதேதான். மார்னிக்குப் பார்க்கப் பார்க்கக் கை குறுகுறுக்கும். இதே வேலையைத் தான் பாதி நேரத்தில் முடித்துவிடலாமே என்று தோன்றும்.

நாற்பத்திரண்டாவது மணியில் அது நடந்தது. ஆனிகா வாக்கரை எடுத்துவர இரண்டு எட்டுத் தள்ளிப் போயிருந்தாள். உட்கார்ந்தே இருக்கச் சொல்லிவிட்டுத்தான் போனாள். கோர்டி அவள் முதுகைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், இரண்டு கையையும் கம்பியில் ஊன்றி எழ ஆரம்பித்தார். நாற்காலியைவிட்டு உடம்பு ஒரு சாண் உயர்ந்தது. இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. வலது தொடை நடுங்கத் தொடங்கியது.

மார்னி எழுந்ததே அவளுக்குத் தெரியாது. நோட்டு தரையில் விழுந்த சத்தம் கேட்டபோது அவள் கை அவர் இடுப்புப் பட்டையில் இருந்தது. முழங்காலால் அவர் முழங்காலுக்கு முட்டுக்கொடுத்து, ஒரு திருப்பு, மெதுவாக நாற்காலியில் உட்காரவைத்தாள். மூன்று நொடி ஆகியிருக்கும். அவருக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. அவள் நிமிர்ந்து, யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று பார்த்தாள். நன்றி என்று சொல்வார்கள் என்றுதான் எதிர்பார்த்தாள்.

கோர்டி தன் தொடையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் எழுந்துக்கிட்டிருந்தேன்."

அவ்வளவுதான். அன்றைக்கு அவர் மறுபடி நிற்கவில்லை. வண்டி வரச்சொல்லிப் போய்விட்டார்.

ஆனிகா அவளை உள்ளறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். முகம் சிவந்திருந்தாலும் குரல் நிதானமாக இருந்தது.

"நீங்க தூக்கின விதத்துல ஒரு குறையும் இல்ல. என்னால அவ்வளவு சுத்தமா தூக்க முடியாது."

"அப்ப என்ன தப்பு? அவர் விழப் பாத்தாரு."

"விழுந்திருக்கலாம். விழாம நின்னுருக்கலாம். எது நடந்திருக்கும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இனிமே அவருக்கும் தெரியாது." ஒரு படிவத்தை எடுத்து, "நான் அவர விட்டுட்டுத் திரும்பினது என் தப்பு, அத நான் எழுதிக்கறேன். நீங்க தொட்டதையும் எழுதித்தான் ஆகணும், மார்னி" என்றாள்.

நாற்பத்திரண்டு மணி நேரத்துக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அடுத்த வாரத்திலிருந்து வரவேண்டாம் என்றாள். மேற்படிப்பு விண்ணப்பத்துக்கு ஒரு பிசியோதெரபிக்காரர் எழுதும் சிபாரிசுக் கடிதம் வேண்டும். அதைக் கேட்க மார்னிக்கு வாய் வரவில்லை, ஆனிகாவும் அதைப்பற்றிப் பேசவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கடையில் நல்ல கூட்டம். மார்னி மீனை மாவில் புரட்டி எண்ணெயில் போட்டுக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். ஜோலீனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒருத்தனை விழாமல் பிடித்ததற்குத் துரத்திவிடுகிற இடம் என்ன இடம், அந்தக் குட்டிக்கு என்ன தெரியும், நீ பன்னிரண்டு வருடம் தூக்கியவள் என்று சொல்லிக்கொண்டே போனாள். கடையில் இருந்த பாதிப் பேர் அதையே சொன்னார்கள். ஒருவர் அவளுக்குப் பிராந்தி வாங்கிக் கொடுத்தார். மார்னிக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. தான் செய்தது சரி என்று நினைத்துக்கொண்டே தூங்கப் போனாள்.

சனிக்கிழமை காலை இல்லத்தில் நாலாவதாக ஐரீன் அறைக்குப் போனாள். பக்கவாதம் வந்த பெண்மணி. ஒரு காலத்தில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். பேச்சு ஒன்றிரண்டு வார்த்தைதான் வரும். மார்னி முகம் துடைத்து, கம்பளிச் சட்டையில் இரண்டு கையையும் நுழைத்து, முதல் பொத்தானைப் பிடித்தாள். அப்போதுதான் பார்த்தாள். ஐரீனின் இடது கை மடியிலிருந்து ஓர் அங்குலம் கிளம்பி, நின்று, திரும்பி மடிக்கே போயிற்று.

மார்னி பொத்தானை விட்டாள். அந்தக் கை இன்றைக்குத்தான் கிளம்பியதா, இல்லை தினமும் கிளம்பித் தினமும் திரும்பிப் போனதா என்று யோசித்தாள். அவளுக்குத் தெரியவில்லை. தினமும் அவள் விரல் முந்திவிடும். அந்தக் கை என்ன செய்கிறது என்று பார்க்க அவளுக்கு நேரம் இருந்ததே இல்லை.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "நீங்க போடுறீங்களா, ஐரீன்?" என்றாள்.

ஐரீன் அவளைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு கை கிளம்பியது. பொத்தான் விரலுக்குள் மூன்று தடவை வழுக்கியது. மார்னி தன் இரண்டு கையையும் கோத்து இறுக்கிக்கொண்டாள். வெளியே தள்ளுவண்டிகள் உருளும் சத்தம், யாரோ மணி அடிக்கிறார்கள், தட்டுகள் வைக்கிறார்கள். உள்ளே ஒரு பொத்தான் துளையில் பாதி நுழைந்து, வெளியே வந்து, மறுபடி நுழைந்தது. நாலு பொத்தானுக்குப் பதினொரு நிமிடம் ஆயிற்று. கடைசிப் பொத்தான் தவறான துளையில் விழுந்து சட்டை கோணலாக நின்றது. ஐரீன் சிரிக்கவில்லை, அழவுமில்லை. கையை நீட்டி, "சீப்பு" என்றாள்.

மார்னி சீப்பை எடுத்துக் கொடுத்தாள்.

அன்றைக்குக் கடைசி மூன்று பேருக்குக் காலை உணவு ஆறிப்போயிற்று. ஒருவர் முட்டைத் தட்டை அப்படியே தள்ளிவிட்டார். மேற்பார்வையாளர் அவளைத் தனியே கூப்பிட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஐரீன் தானே பொத்தான் போட்டாள் என்றபோது, நல்ல விஷயம்தான் என்றார், ஆனால் ஒன்பது பேரும் இப்படிப் பொத்தான் போட ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் காலைச் சாப்பாடு போட முடியும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆள் பற்றாக்குறை அவர் உண்டாக்கியதல்ல.

சாயங்காலம் கார் நிறுத்துமிடத்தில் மார்னி வெகுநேரம் வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருடமாக எத்தனை பேர் கைக்கு முந்தியிருப்போம் என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டாள். வேகம் இல்லாவிட்டால் அவர்கள் பசியோடு காத்திருந்திருப்பார்கள், அதுவும் உண்மைதான். கோர்டி விஷயத்தில் தான் செய்தது சரியா தப்பா என்பது அன்றைக்கும் அவளுக்குத் தெளிவாகவில்லை. ஆனால் அந்த இடத்தில் தான் யோசிக்கவே இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

அதற்குப்பிறகு ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள். ஒரு நாளைக்கு ஒருவர். அந்த ஒருவர் தன் வேலையைத் தானே செய்ய எவ்வளவு நேரம் ஆனாலும் உட்கார்ந்திருப்பாள், மற்ற எட்டுப் பேருக்கும் பழைய வேகம். ஃபென்ஸ்கி தன் முறை வரும்போது சாக்ஸ் போடமாட்டேன், அதற்குத்தானே உனக்குச் சம்பளம் என்று சொல்லிவிட்டார். அவருக்கு அவளே போட்டுவிட்டாள்.

மீதி ஐம்பத்தெட்டு மணி நேரத்தை ஐம்பது மைல் தூரத்திலிருந்த ஒரு மருத்துவமனையில் பார்த்தாள். ஜனவரியிலிருந்து ஏப்ரல்வரை பனியில் ஓட்டிப் போய் வந்தாள். முதல் நாளே அங்கிருந்த பிசியோதெரபிக்காரரிடம் பழைய கிளினிக்கில் நடந்ததைச் சொல்லிவிட்டாள். பால் நீபர் என்று பேர், ஐம்பதைத் தொட்ட ஆள். கேட்டுவிட்டு நாற்காலியைக் காட்டினார். இரண்டாவது வாரம், "உங்களுக்குக் குளிருதா?" என்று விசாரித்தார். அவள் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

மார்ச்சில் ஒருநாள் அங்கே ஓர் அம்மாள் உண்மையாகவே விழுந்தார். நீபர் பட்டையைப் பிடித்தபடி அவரைத் தன் காலோடு சறுக்கவிட்டுத் தரையில் உட்காரவைத்தார். அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்து நல்ல கெட்ட வார்த்தையாக ஒன்று சொன்னார். பிறகு, தரையிலிருந்து எழுந்திருப்பது எப்படி என்பது அன்றைய பாடமாயிற்று. மார்னி அந்த ஒரு மணி நேரம் முழுவதும் நாற்காலியைவிட்டு அசையவில்லை. முதுகு நனைந்துவிட்டது.

ஈஸ்டருக்கு முந்தைய வெள்ளிக்கிழமைகளில் ஊரே இறைச்சியை விட்டு மீனுக்கு வரும், ஜோலீன் கடையில் உட்கார இடம் கிடைக்காது. அப்படி ஒரு வெள்ளிக்கிழமை கோர்டி மாஸ் ஒரு கைத்தடியோடு நடந்து வந்தார். மார்னி சமையல்கட்டிலிருந்து பார்த்துவிட்டு, தட்டை வேறு யாரையாவது எடுத்துப்போகச் சொல்லலாமா என்று நினைத்தாள். பிறகு அவளே எடுத்துப் போனாள். வறுத்த மீன், உருளைக்கிழங்கு, ரை தானிய ரொட்டி. மேசையில் வைத்துவிட்டு நின்றாள்.

"அன்னிக்கு நடந்ததுக்கு மன்னிச்சுக்கோங்க" என்றாள்.

கோர்டி ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே யோசித்தார். "விழுந்துதான் இருப்பேன். அந்தக் காலு தாங்கியிருக்காது" என்றார்.

வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்தார்.

"ஆனா எழுந்ததுக்கப்புறம் விழுந்திருப்பேன்."

"ஆமா."

"அதுக்கப்புறம் மூணு வாரம் ஆச்சு மறுபடி எந்திரிக்க. பயம் வந்துருச்சு." அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, மன்னித்ததாகவும் சொல்லவில்லை. மீனை ஒரு வாய் தின்றுவிட்டு, "இது நீங்க வறுத்ததா?" என்று கேட்டார். ஆமாம் என்றாள். நன்றாக இருக்கிறது என்றார்.

நீபர் அவளுக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்தார். பட்டப்படிப்பு முடியும் வருடம் ஆறு இடத்துக்கு மேற்படிப்பு மனுப் போட்டாள். கட்டுரையில் கிளினிக் விஷயத்தை எழுத வேண்டாம் என்று ஆலோசகர் சொன்னார். டேவினும் அதையேதான் சொன்னான். அவன் நாலு வருடத்தில் முடித்து ஏற்கெனவே மேற்படிப்பில் சேர்ந்திருந்தான். மார்னி அந்த மூன்று நொடியைத்தான் எழுதினாள். வேறு எழுத அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆறு இடமும் இல்லை என்றது. இரண்டு கடிதத்தில் காரணம் இருந்தது. வேதியியல் மதிப்பெண் போதாது.

அந்த வசந்தத்தில் முப்பத்தெட்டு வயதில் பட்டம் வாங்கினாள். ஜோலீன் பட்டமளிப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து விசில் அடித்தாள். வீட்டுக்கு வரும் வழியில், இது போதும் என்று தோன்றினால் இதோடு விடு, யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்றாள். மார்னி, வேதியியலைக் கோடைகாலத்தில் மறுபடி படிக்கப் பேர் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள்.

"இப்பவாவது புரியுதாடி?"

"இல்ல. ஆனா போன தடவ எது புரியலன்னு இப்பப் புரியுது."

மறுவருடம் பக்கத்து மாநிலமான மினசோட்டாவில் ஓர் இடம் நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் கேட்டார், அதே நிலை மறுபடி வந்தால் என்ன செய்வீர்கள் என்று. மார்னி, பக்கத்தில் போய் நிற்பேன், கையை அருகில் வைத்திருப்பேன், பிடிப்பேனா மாட்டேனா என்று இங்கே உட்கார்ந்து சொன்னால் அது பொய்யாக இருக்கும் என்றாள். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். மார்ச்சில் இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது.

ஆகஸ்டில் வகுப்பு தொடங்கியது. முப்பத்தாறு மாணவர்கள். அவளுக்கு அடுத்த மூத்தவனுக்கு இருபத்தேழு வயது. முதல் வாரம் ஒருவர் உடம்பை ஒருவர் அசைத்துப் பழக வேண்டும். மார்னி மேசையில் மல்லாந்து படுத்தாள். லின்னியா என்ற இருபத்திரண்டு வயதுப் பெண் ஒரு கையைக் குதிகாலுக்கு அடியிலும் ஒரு கையை முழங்காலுக்கு அடியிலும் கொடுத்து அவள் காலைத் தூக்கினாள்.

"காலத் தளர்த்தி விடுங்க."

"விட்டுட்டேன்."

"இல்ல, நீங்களேதான் தூக்குறீங்க. என் கையில கனமே இல்ல."

மார்னி கூரையைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் யாரும் அவளைத் தூக்கியதில்லை. கண்ணை மூடி, மூச்சைவிட்டு, மறுபடி முயன்றாள். கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்தப் பெண் அவசரப்படாமல் நின்றாள்.

"இப்பத்தான் கனம் வருது" என்றாள் லின்னியா.